மூடியில் எழுதும் பெயர்

வர்ஷினிதான் முதலில் சொன்னாள்.

அம்மனுக்கு எடுக்கும் போனாலுப் பண்டிகையின் ஞாயிறு. செகந்திராபாத் லாலாகூடாவில் மாமன் ஃபெலிக்ஸின் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு சோப்பு டப்பாவை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். விட்டால் டப்பா மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள். தெருக்கோடியில் தப்பட்டை முழங்கியது.

"என்னடி அது, படகா?" என்றான் ஃபெலிக்ஸ்.

"நஹி மாமா. சப்மரைன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"டாடி. டாடி மம்மிதோ ஆடதாடு. ட்ரம்முலோ."

ஃபெலிக்ஸ் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்தான்.

"மம்மிகூட தண்ணி ட்ரம்முல எப்படி வெளையாடுவாரு?"

அவள் டப்பாவை இரண்டு கைகளாலும் அடிவரை அமுக்கிப் பிடித்தாள். கன்னங்களை உப்பிக்கொண்டு அவளும் மூச்சை அடக்கினாள். முகம் சிவந்தது. பிறகு விட்டாள்.

"இப்படி. டாடி எண்ணுவாரு. நானும் மூச்சு புடிச்சிப்பேன், என்னால முடியாது. மம்மி நெறைய நேரம் இருப்பா." அதைப் பெருமையாகச் சொன்னாள்.

சப்மரைன் என்பது அவர்கள் பட்டறைச் சொல். ஃபெலிக்ஸும் அவன் தங்கை எலிசபெத்தின் கணவன் கிரியும் மல்லாபூரில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தார்கள். ஃபெலிக்ஸ் வெல்டர். கிரி அவனுக்கு ஃபிட்டர். ஐந்து மாதமாக அங்கே ஒரு பெரிய உருளை செய்துகொண்டிருந்தார்கள். ஆள் நின்றால் தலை இடிக்காத உயரம், லாரி நீளம், உள்ளே இடுப்பளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வளையங்கள். நீர்மூழ்கிக் கப்பலில் பொருத்தும் கருவிகளை அதற்குள் வைத்துத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். முதலாளி ராஜகோபால் அதை டெஸ்ட் சேம்பர் என்பார். மற்ற எல்லாருக்கும் அது சப்மரைன். சப்மரைனில் வேலை, சப்மரைனில் சாப்பாடு, மேஸ்திரி பார்க்காதபோது சப்மரைனில் தூக்கம். அந்தச் சொல்லை கிரி வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தான்.

ஃபெலிக்ஸ் பாதி முகத்துச் சோப்பைத் துடைத்தான். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மல்லாபூரிலேயே இருந்த கிரியின் வீட்டுக்குப் பஸ் ஏறினான்.

கிரியும் அவனும் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். எலிசபெத் கிரியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா பெல்ட்டைக் கழற்றினார். குறுக்கே விழுந்து அடி வாங்கியவன் ஃபெலிக்ஸ். அப்பா சாகும்வரை மகளைப் பார்க்கவில்லை.

எலிசபெத் ஒற்றை அறை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வரும் தெரு அது. எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

"கண்ணு ஏன் இப்படி செவந்திருக்கு?"

"வெங்காயம்."

"வெங்காயத்துக்கு ரத்தம் கட்டுமா?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெள்ளை விழியில் சிவப்பு திட்டாகப் பரவியிருந்தது. கழுத்துக்குக் கீழே டிரம்மின் விளிம்பு அழுந்திய தடம், ஒரு கயிற்றைப் பதித்ததுபோல. காதுக்குப் பின்னால் பிடுங்கப்பட்ட முடியின் இடம் வெறுமையாக இருந்தது.

"வர்ஷினி சொன்னா."

கத்தியைக் கீழே வைத்தாள். "அவளுக்கு வெளையாட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ எதையும் சொல்லிக் கெடுக்காத."

"எதுக்காகச் செய்றான்?"

"ஒரு நாள் சாம்பார்ல உப்பு. ஒரு நாள் போன்ல யாருன்னு கேட்டு. ஒரு நாள் எதுவுமே இல்லண்ணா, சும்மா உக்காந்திருந்தேன். ஏன் சும்மா உக்காந்திருக்கன்னு கேட்டு." முந்தானையால் கையைத் துடைத்தாள். "முன்னல்லாம் அடிப்பான். அடி பரவாயில்ல. இது வந்து, எண்ணறான் பாரு, சத்தமா, சிரிச்சுக்கிட்டு. தண்ணிக்குள்ள அது கேக்கும். எதுல நிறுத்துவான்னு தெரியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி நிறுத்துறான். இப்பல்லாம் முகத்துக்குத் தண்ணி ஊத்த முடியல எனக்கு. துணிய நனைச்சுத் தொடைச்சுக்கறேன்."

கிரி அப்போது தெருவில் வந்தான். நெற்றியில் மஞ்சள், சட்டையில் கள் வாடை, கையில் உயிர்க்கோழி.

"அரே, மச்சான். பண்டிகைக்கு வந்தியா? இரு, இத அறுத்துடலாம்."

ஃபெலிக்ஸ் அவன் சட்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். கோழி கத்திக்கொண்டு ஓடியது. இரண்டாவது முறை மோதியபோது மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. கிரி கையை ஓங்கவில்லை. ரத்தம் வழியும் பல்லோடு சிரித்தான்.

"அடி மச்சான். நீ அடிக்கறதெல்லாம் யாரு கணக்குல ஏறும் தெரியுமா?"

எலிசபெத் நடுவில் புகுந்து அண்ணனைத் தள்ளினாள். அவ்வளவு பலமாகத் தள்ளுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சாக்கடைத் திண்டில் போய் விழுந்தான்.

"கேளு," என்றாள் தாழ்ந்த குரலில். "நீ ஒண்ணு குடுத்தா அது எனக்குப் பத்தா வரும். செஞ்சா முழுசா செய். இல்லன்னா தொடாத. பாதி மட்டும் நக்கோண்ணா, வேணாம். பாதிய என்னால தாங்க முடியாது."

"என்கூட வா."

"நீ வேலைக்குப் போனப்புறம் அங்க வருவான். போன தீபாவளிக்கு வந்தான் இல்ல? போ. இப்பப் போ."

அவன் தெருமுனை வரை போனான். திரும்பி வந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் நீல டிரம் இல்லை, தரையில் அதை இழுத்த ஈரம் இருந்தது. தட்டினான். அம்மன் ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது, தப்பட்டைக்காரர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தார்கள். காதைக் கதவில் வைத்தான். உள்ளே எண்ணும் குரல் கேட்டது. தோளால் இடித்தான். இரும்புக் கதவு, அவனே வெல்டிங் வைத்துக் கொடுத்தது. அசையவில்லை.

ஊர்வலம் கடந்தபின் எலிசபெத்தின் குரல் வந்தது. இருமி இருமி, "போண்ணா" என்றாள்.

மறுநாள் காலை சப்மரைனுக்கு ஹைட்ரோ டெஸ்ட். உருளையைத் தண்ணீரால் நிரப்பி, காற்றை வெளியேற்றி, பம்பால் அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட விசாகப்பட்டினத்திலிருந்து லக்ஷ்மிநாராயணன் என்ற இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ராஜகோபால் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து இஸ்திரிச் சட்டையோடு சீக்கிரமே வந்து, அவருக்கு இட்லி வாங்க ஆளனுப்பியிருந்தார்.

கிரி பிளாஸ்திரி ஒட்டிய மூக்கோடு வந்தான். கண் சொருகியிருந்தது. ஃபெலிக்ஸிடம் எதுவும் நடக்காததுபோல், "குட்மார்னிங் மச்சான்" என்றான். உள்ளே தூசி துடைக்க வேண்டியிருந்தது. துணியையும் விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு, உருளையின் மேலே ஆள் நுழைய விட்டிருக்கும் மேன்ஹோல் வழியாக இறங்கினான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மேன்ஹோலை மூடுவதற்கு முன், உள்ளே கடைசி வெல்டிங் வைத்தவன் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். "எவரன்னா உன்னாரா?" என்று தெலுங்கில், யாராவது இருக்கிறீர்களா எனக் கூப்பிட வேண்டும். சுத்தியலால் தொட்டியின் உடம்பில் இரண்டு தட்டு. பிறகு மூடியின்மேல் சாக்பீஸால் தன் பெயரை எழுத வேண்டும். பெயர் இல்லாத மூடிக்கு யாரும் போல்ட் போடமாட்டார்கள். பெயர் இருந்தால் யாரும் மறுபடி எட்டிப் பார்க்கமாட்டார்கள். எந்த முதலாளியும் போட்ட சட்டமில்லை அது. எப்போதோ ஜீடிமெட்லாவில் ஒரு தொட்டிக்குள் ஒருவனை வைத்து மூடியதிலிருந்து, தொழிலாளிகள் தாங்களே ஏற்படுத்திக்கொண்டது.

மேஸ்திரி முகமது யூசுப், கசியாமலிருக்க மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டைத் துடைத்துக்கொண்டே கதை பேசினார். அவர் மகன் ஹைடெக் சிட்டியில் கால் சென்டரில் இருந்தான்.

"நாம இத்தினி மாசமா சப்மரைன் கட்றோம். எம் பையன் தினம் ஒரு சப்மரைன் திங்கறான். முழ நீளத்துக்கு ரொட்டி, நடுவுல கோழி. அதுக்குப் பேரு அதானாம். வெல கேட்டேன், எனக்கு மயக்கம் வந்துடுச்சு."

"உள்ள ஆளு இருக்காங்களா பாய், அந்த ரொட்டில?" என்றான் ஒரு ஹெல்பர்.

"ஹவ், ஆமாடா, முட்டாள்தனமா கேளு. கடலுக்கடியில போற கேபிள் அறுந்துபோனா அவனுக்கு லீவாம். அதுவும் சப்மரைன் கேபிளாம். அமெரிக்காக்காரன் போனு எல்லாம் அது வழியாத்தான் வருதாம். இந்தப் பட்டறையில எதறுந்தா நமக்கு லீவு?"

"உங்க கழுத்து பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். லக்ஷ்மிநாராயணனும் சிரித்தார். "இது சப்மரைன் இல்லப்பா. சப்மரைனுக்குப் பரீட்சை வைக்கிற ரூம்," என்றார்.

"மூடலாமா ஃபெலிக்ஸ்?" என்றார் யூசுப்.

ஃபெலிக்ஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். தலையை மேன்ஹோலுக்குள் விட்டான். இரும்பின் குளிர்ச்சி, புது வெல்டிங் வாடை, அதோடு கள். டார்ச்சைக் கடைசிவரை செலுத்தினான். கோடியில் இருந்த வளையத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. குறட்டை மெல்ல எதிரொலித்தது.

அவன் அந்தப் பாதங்களைப் பார்த்தான். வெடித்த குதிகால்கள்.

"எவரன்னா உன்னாரா?" என்றான். பக்கத்தில் இருப்பவனிடம் பேசும் குரலில் கேட்டான். சுத்தியலால் இரண்டு முறை தட்டினான். முட்டையை உடைக்கிற அளவுக்குத்தான் தட்டினான்.

பாதங்கள் அசையவில்லை.

தலையை வெளியே எடுத்தான். மூடியைச் சங்கிலியால் இழுத்து அதன் இடத்தில் வைத்தார்கள். ஃபெலிக்ஸ் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பெயரை எழுதினான். எப்போதும்போல் தமிழில், பெரிதாக. யூசுப் அதைப் பார்த்தார். போல்ட்டுகளைத் தன் கையாலேயே முறுக்கினார்.

"கிரி எங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"கள்ளு காம்பவுண்டுக்குக் குடிக்கப் போயிருப்பான்."

"பேரைச் சொல்லிச் சம்பளம் வாங்கறான், வேலைய நீ செய்ற," என்றார் யூசுப். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டிக் கடைசிச் சுற்று முறுக்கினார்.

பம்பு ஓடியது. அடியிலிருந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. உருளை நிரம்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ராஜகோபால் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். ஃபெலிக்ஸ் உருளையின் முதுகில் ஏறி உட்கார்ந்தான். அங்கே இரண்டு விரல் நுழையும் அளவில் காற்று வெளியேற ஒரு துளை இருந்தது. தண்ணீர் அதன் வழியே பீறிடும்போது "ஃபுல்" என்று கத்திவிட்டு, கையிலிருக்கும் பித்தளை அடைப்பானைத் திருகி மூட வேண்டும். அது எப்போதும் அவன் வேலை.

துளையிலிருந்து காற்று மெல்லச் சீறியது. கையை வைத்துப் பார்த்தான். இதமான சூடு.

முதல் இடி வந்தபோது அவன் தொடைக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது. பிறகு ஒன்று. பிறகு விட்டு விட்டு நிறைய.

கீழே யூசுப் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

"மறுபடி கட்டையை விட்டுட்டீங்களாடா?"

போன வருஷம் இப்படித்தான் நடந்தது. வேறொரு தொட்டியின் சோதனையின்போது உள்ளே முட்டுக்கட்டை ஒன்றை மறந்துவிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற அது மிதந்து சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. பயந்து திறந்து பார்த்ததில் ஒரு பகல் வேலை போயிற்று, ராஜகோபால் எல்லாரையும் திட்டினார். அதன்பின் எந்தத் தொட்டி தட்டினாலும் அவர்களுக்குக் கட்டைதான்.

"சப்மரைன் பேசுது," என்றான் ஹெல்பர்.

"பேசட்டும். டெஸ்ட் முடியட்டும், நானும் பேசறேன்," என்றார் யூசுப். பக்கத்துக் கொட்டகையில் கிரைண்டிங் ஆரம்பித்தது. அவர் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தப் போய்விட்டார்.

ஃபெலிக்ஸ் குனிந்து துளையில் காதை வைத்தான்.

முதலில் கெட்ட வார்த்தைகள். யூசுப்பின் தாயை, ராஜகோபாலின் பெண்டாட்டியை. பிறகு வெறும் கத்தல். தண்ணீர் இடுப்புக்கு வந்திருக்க வேண்டும். வளையத்தில் ஏறி நிற்கிறான்போல, குரல் கிட்டே வந்தது.

ஃபெலிக்ஸ் துளையில் வாயை வைத்தான். "மாப்ள."

கத்தல் நின்றது.

"மச்சான்? மச்சான், நான் உள்ள இருக்கேன். பம்ப நிறுத்தச் சொல்லு."

"தெரியும்."

"என்ன?"

"நீ உள்ள இருக்கறது தெரியும்."

பிறகு உருளை முழுக்க இடி விழுந்தது. உள்ளிருந்தவன் உதைத்தான், குத்தினான், எதையோ எடுத்து அடித்தான். ஃபெலிக்ஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கீழே ஹெல்பர் அந்தத் தாளத்துக்குத் தப்பட்டைக்காரன்போல் இடுப்பை ஆட்டிக் காட்டினான். இன்னொருவன் விசிலடித்தான்.

"உன்னையக் கொல்றேண்டா," என்று உள்ளிருந்து வந்தது. "வெளிய வந்ததும் அவளத்தான் மொதல்ல. நீ பாக்கப் பாக்க."

"வந்தாத்தானே."

காற்றின் சீறல் கூடியது. குரல் இப்போது துளைக்கு நேர் கீழே இருந்தது. தண்ணீர் அவனைத் தூக்கியிருந்தது. மூச்சு வாங்கினான். கள் நாற்றம் ஃபெலிக்ஸின் முகத்தில் அடித்தது.

"சரி மச்சான். புரிஞ்சுது. நீ எண்ணு."

"என்ன?"

"எண்ணு. எண்ணி முடிச்சுட்டு எடுத்துடு. நான் எப்பவும் எடுத்துடுவேன்ல? ஒரு நாளாச்சும் எடுக்காம இருந்தேனா? அவளையே கேளு. நீயும் எடுத்துடு. சரிக்குச் சரி."

அதில் கெஞ்சல் இல்லை. நியாயம் பேசுகிறவனின் குரல் அது. எடுத்தேனே என்பதைத் தன் நல்ல குணமாக அவன் இத்தனை நாளும் வைத்திருந்தான்.

பிறகு பேச்சு நின்றது. துளையிலிருந்து இரண்டு விரல்கள் வெளியே வந்தன. கீழே நின்றவர்கள் யாருக்கும் அது தெரியாது. நகங்கள் கிழிந்திருந்தன. விரல்கள் எதையாவது பிடிக்கப் பார்த்தன, ஒன்றும் இல்லை. எலிசபெத்தின் முடியைப் பிடித்த கை. தொழில் பழகிய காலத்தில் ஃபெலிக்ஸோடு ஒரே டிபன் பெட்டியில் சாப்பிட்ட கை. ஃபெலிக்ஸ் அடைப்பானைக் கையில் வைத்திருந்தான். விரலின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. பிறகு பீறிட்டு அவன் மார்பை நனைத்தது.

"ஃபுல்லா?" என்று கீழிருந்து யூசுப் கத்தினார்.

முழுசா செய் என்று எலிசபெத் சொல்லியிருந்தாள். ஒரு சொல், ஒரு திருகு. விரல்களை உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விரல்கள் துடித்தன. பிறகு துடிக்காமல் நின்றன.

"தொற," என்றான் ஃபெலிக்ஸ். மறுபடி கத்தினான். "ட்ரெய்ன் வால்வத் தொற. உள்ள ஆளு. ஆளு."

ஏன் கத்தினான் என்பதற்குப் பின்னாளில் அவனால் காரணம் சொல்ல முடியவில்லை. இரக்கம் வரவில்லை. அது மட்டும் நிச்சயம்.

யூசுப் பம்பை அணைத்து வால்வைத் திறந்தார். கொட்டகைத் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. இரண்டு பேர் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். யூசுப்பே உள்ளே குதித்துக் கிரியை வெளியே தள்ளினார். தரையில் போட்டு வயிற்றை அமுக்கினார்கள், நெஞ்சில் குத்தினார்கள். உதடு நீலமாக இருந்தது. கடைசியில் தண்ணீரும் சோறும் கலந்து வாந்தி வந்தது. இருமினான். அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள்.

யூசுப் நனைந்த உடம்போடு, தரையில் இறக்கி வைத்த மூடிக்குப் பக்கத்தில், கீழே வந்திருந்த ஃபெலிக்ஸின் முன்னால் வந்து நின்றார். சாக்பீஸ் எழுத்து பாதி அழிந்திருந்தது. மீதி பாதி தெளிவாக இருந்தது.

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"ஆளு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

யூசுப் அறைந்தார். ஃபெலிக்ஸ் தண்ணீரில் விழுந்தான். எழுந்தான், மறுபடி அறைந்தார்.

"உன் தங்கச்சி புருஷன். உனக்கும் அவனுக்கும் ஆயிரம் இருக்கும். வெளிய வெச்சுக் குத்து, நான் கேக்கமாட்டேன்." தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். "போல்ட்டு போட்டது நான்டா. உன் பேரைப் பாத்து என் கையால முறுக்கினேன். என்னைக் கொலைகாரனா ஆக்கப் பாத்தியே. நாளைக்கு எவன் எந்தத் தொட்டிக்குள்ள இறங்குவான்? யாரு பேரை நம்பி இறங்குவான்?"

மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்சம் முன்னால் விசிலடித்தவன் விலாவில் உதைத்தான். ஹெல்பர் முகத்தில் மிதித்தான். ஃபெலிக்ஸ் தடுக்கவில்லை. அவர்கள் சொன்னதில் தவறு ஏதும் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு பேர் அவன் வலது கையை இழுத்து மேன்ஹோல் மூடியின் விளிம்பில் வைத்துப் பிடித்தார்கள். யூசுப் ஸ்பேனரை எடுத்தார். ஒரே அடி. புறங்கை எலும்புகள் சிலேட்டுப்போல நொறுங்கின.

ராஜகோபால் ஆபீஸ் அறைக் கதவில் நின்று பார்த்தார். உள்ளே இன்ஸ்பெக்டரிடம் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வரவில்லை. ஆர்டர் போய்விடும் என்பதால் அவர் கூப்பிடவில்லை. கிரியும் எதுவும் சொல்லவில்லை. தூங்கிட்டேன் சார், யாருக்கும் தெரியாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னான். அதைக் கேள்விப்பட்டபோது ஃபெலிக்ஸுக்கு யூசுப்பின் அடியைவிட அதிகமாக வலித்தது. கிரி அந்தக் கணக்கை வீட்டுக்குச் சேமித்து வைக்கிறான் என்று புரிந்தது. கையில் மாவுக்கட்டோடு ஃபெலிக்ஸ் மல்லாபூருக்குப் போனான். எலிசபெத் கதவைத் திறக்கவில்லை. வர்ஷினியை மட்டும் மறுபடி அவன் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள்.

வாரக் கடைசியில் ஒரு காலை, ஃபெலிக்ஸ் இடது கையால் டீ போட்டுக்கொண்டிருந்தபோது எலிசபெத் வந்தாள். ஒரு பை. சேலையின் கீழ்க்கரை முழங்கால் வரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் பழுப்பு நிறம் கலந்திருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்து வந்தான்," என்றாள். "ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டான். ஒண்ணும் பேசல. காலையில கொழா வந்துச்சு. ட்ரம் ரொம்பற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தான்."

ஃபெலிக்ஸ் அடுப்பை அணைத்தான்.

"இந்தத் தடவை எண்ணல. அதான் தெரிஞ்சுது எனக்கு, இது கடைசின்னு." அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "நீ கதவு மாட்டினப்ப வெச்சுட்டுப் போன சுத்தியல் இருந்துச்சு இல்ல, ட்ரம்முக்குப் பின்னால. முந்தாநாளே அங்க நகத்தி வெச்சிருந்தேன். தலை உள்ள இருக்கறப்ப கைய நீட்டினா எட்டுமான்னு பாத்து வெச்சேன். எட்டுச்சு. முட்டில அடிச்சேன். விழுந்தான். அப்றம் இன்னொரு முட்டி. அப்றம் அந்தக் கை."

"உசிரு?"

"இருக்கு. கத்தறான். பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்க." முதல்முறையாக அண்ணனைப் பார்த்தாள். வெள்ளை விழியில் இன்னும் சிவப்பு இருந்தது. "உள்ள இருக்கான்னு தெரிஞ்சுதான மூடின?"

"ஆமா."

"அப்றம் ஏன் தொறந்த?"

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"பாதி நக்கோன்னு சொன்னேன் இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "சரி. ரெண்டு பாதியும் சேந்துடுச்சு. அவனுக்கு எலும்பு கூடறதுக்குள்ள நாம இங்க இருக்கக் கூடாது. குழந்தைய எழுப்பு."

விசாகப்பட்டினத்தில் அம்மாவின் தங்கை ஒருத்தி இருந்தாள். அவளோடு எட்டு வருஷமாகப் பேச்சில்லை. வேறு போக்கிடமும் இல்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் ஃபெலிக்ஸ் பையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. எலிசபெத் வாங்கிக்கொண்டாள்.

"வைசாக்மே சச்சிவாலா சப்மரைன் ஹை நா மாமா? நெஜ சப்மரைன்?" என்றாள் வர்ஷினி. "மிஸ் சொன்னாங்க."

அவன் தங்கையைப் பார்த்தான்.

"இருக்கு," என்றாள் எலிசபெத். "பீச்சுல மணல்ல ஏத்தி நிக்க வெச்சிருக்காங்களாம். ஏறிப் பாக்கலாம்."

"தண்ணிக்குள்ள போகாதா?"

"போகாது."

ரயில் வர நேரமிருந்தது. எலிசபெத் பிளாட்பாரக் குழாயடிக்குப் போனாள். சேலைக் கரையைக் கசக்கினாள், பழுப்புத் தண்ணீர் ஓடியது. பிழிந்தாள். பிறகு குழாயைப் பார்த்தபடி நின்றாள். துணியை நனைத்து முகம் துடைப்பாள் என்று ஃபெலிக்ஸ் நினைத்தான். அவள் முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முகத்தை முழுதாகக் குழாய்த் தண்ணீருக்கடியில் கொடுத்தாள்.

நிமிரவில்லை. தோள்கள் அசையாமல் இருந்தன. வர்ஷினி கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்தாள். ஃபெலிக்ஸ் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினான். எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு, குழாயை நோக்கி ஓடினான். அதற்குள் அவளே நிமிர்ந்து, குழாயை மூடினாள்.